நம்மூர் மாதிரிதான் என்று சொல்வதற்குமுன்

மலேசியாவில் பொது நீச்சல் குளங்களின் வாசலில் ரோமன் எழுத்தில் 'கோலம் ரெனாங்' என்று பலகை மாட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு செமஸ்டர் படிக்க வந்த மாணவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தால் வீட்டு வாசலில் போடும் கோலம்தான் நினைவுக்கு வரும். இங்கேயும் கோலம் வந்திருக்கிறதே என்று மனம் குளிரும். தமிழ்ச் சொல் ஒன்று கடல் கடந்து வந்தது உண்மைதான். ஆனால் வந்தது கோலம் இல்லை, குளம். மலாய்க்காரர் நாவில் குளம் அப்படித் திரிந்துவிட்டது. ரெனாங் என்றால் நீச்சல். சொந்தச் சொல்தான், ஆனால் நாம் நினைத்த சொந்தம் இல்லை. ஜொகூர் மாநிலத்தில் முதல் சில வாரங்கள் ஒரு தமிழ் மாணவர் காணும் அன்றாட வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல வருவது. அங்கே அவருக்குப் புதிதாகத் தெரிபவற்றால் பெரிய சிக்கல் வருவதில்லை. தெரியாது என்பதால் யாரிடமாவது கேட்பார். தெரிந்தவைபோல் இருப்பவைதான் சிக்கல். 'நம்மூர் மாதிரிதான்' என்று சொன்ன மறுகணம் கேள்வி நின்றுவிடுகிறது.

ஜொகூர், தீபகற்ப மலேசியாவின் தென்கோடி. சுமார் 40 லட்சம் மக்கள். நூற்றுக்கு ஆறேழு பேர் இந்திய வம்சாவளியினர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1985-ல் இந்த மாநிலத்தின் ஸ்கூடாய்க்கு இடம் மாறியது. ஆயிரம் ஹெக்டேருக்கும் பெரிய வளாகம். பத்து பகாட் அருகே பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. இஸ்கந்தர் புத்ரியில் எடுசிட்டி என்ற கல்வி நகரைக் கட்டி, நியூகாசில், சவுத்தாம்ப்டன், ரெடிங் என்று பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் கிளைகளை வரவழைத்தார்கள். இந்தோனேசியா, ஜப்பான், ஐரோப்பா என்று பல நாட்டு மாணவர்கள் இந்த மாநிலத்துக்குப் படிக்க வருகிறார்கள். பரிமாற்றத்தில் வருபவருக்குப் பாடம் நடக்கும் காலம் 14 வாரம். அதற்குள் ஓர் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் தவறாகப் புரிந்துகொண்டு திரும்பிவர அது தாராளமாகப் போதும். முதல் வாரமே ஒரு சோதனை வரும். 'எந்தக் காலேஜில் இருக்கிறாய்?' என்று சக மாணவர் கேட்டால், ஊரில் படிக்கும் கல்லூரியின் பெயரைச் சொல்லத் தோன்றும். ஸ்கூடாயில் 'கோலேஜ்' என்றால் விடுதி.

தெரியாதவை எப்படிப் பாடம் ஆகின்றன என்பதற்கு விடியலே சாட்சி. காலை ஆறரைக்கு ஜன்னலைத் திறந்தால் வெளியே கும்மிருட்டு. தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியில் அந்த நேரத்துக்கு வெளிச்சம் வந்துவிடும். இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் எழும், மாலையிலும் ஏழை ஒட்டித்தான் மறையும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கும் ஊரில் பகலின் நீளம் ஆண்டு முழுவதற்கும் பத்து நிமிடம் போலத்தான் கூடிக் குறையும். சரி, விடியல் ஏன் இவ்வளவு தாமதம்? ஜொகூர் பாரு நிற்கும் தீர்க்கரேகைக்குக் கணக்குப் பார்த்தால் அதன் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னே ஓட வேண்டும். ஓடுவதோ எட்டு மணி நேரம் முன்னே. போர்னியோவில் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களும் தீபகற்பமும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்று 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. ஆக, மாணவர் ஜன்னலில் பார்க்கும் இருட்டு இயற்கையின் வேலை மட்டுமல்ல. கடல் பிரித்த இரண்டு நிலங்களை ஒரே நாடாக நடத்த எடுத்த ஒரு முடிவு அது. தெருவிளக்கின் கீழே சீருடையோடு பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தபின் 'இந்த ஊர் மெதுவாக எழும்' என்ற முதல் முடிவும் உதிர்ந்துவிடும். இருட்டு அந்நியமாக இருந்ததால்தான் காரணம் கேட்கத் தோன்றியது.

வார விடுமுறையும் அப்படித்தான். 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு. 2023-ல் வந்துபோன அண்ணன் ஒருவரின் குறிப்பை நம்பி அடுத்த தொகுதி மாணவர் வந்தால் வங்கி வாசலில் திரும்பி நிற்க வேண்டியதுதான். ஒரு மாநிலத்தின் ஞாயிற்றுக்கிழமையே சுல்தான் அரண்மனையின் முடிவால் மாறும் என்பது நமக்குப் புதிது, ஆகவே கவனித்துக்கொள்கிறோம்.

அன்றாடத்தை வடிவமைக்கும் பெரிய சக்தி ஒன்று இன்னும் இருக்கிறது. அது ஊருக்குத் தெற்கே, ஒரு கிலோமீட்டர் அகல நீருக்கு அப்பால். 1924-ல் முறையாகத் திறக்கப்பட்ட கடற்பாலச் சாலைதான் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் கடக்கிறார்கள். விடிவதற்கு மூன்று மணி நேரம் முன்பே, நான்கு மணி வாக்கில், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாகப் புறப்பட்டுவிடும். மழைச்சட்டை மாட்டிய முதுகுகள், ஹெல்மெட்டில் பட்டுத் தெறிக்கும் விளக்கொளி, கடவுச்சீட்டை நீட்டத் தயாராக இருக்கும் கை. 1973 வரை மலேசிய ரிங்கிட்டும் சிங்கப்பூர் டாலரும் ஒன்றுக்கொன்று சமமாகக் கைமாறின. இன்று ஒரு டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். அந்த வித்தியாசம் தூக்கத்தை விலையாகக் கேட்கிறது. மாணவர் வாடகைக்குப் பார்க்கும் அறையின் விலையிலும், சனிக்கிழமை பேரங்காடியின் நெரிசலிலும், பகலில் வெறிச்சோடியிருக்கும் குடியிருப்புத் தெருவிலும் அந்த வித்தியாசம்தான் வேலை செய்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை மூடப்பட்டு, 2022 ஏப்ரல் வரை முழுமையாகத் திறக்கவில்லை. அந்த இரண்டாண்டில் பிரிந்து கிடந்த குடும்பங்களும் மூடிய கடைகளும், இந்தச் சாலை ஜொகூருக்கு வெறும் பாதை இல்லை என்பதை எல்லோருக்கும் காட்டின.

இதுவரை சொன்னவை அந்நியமானவை. இனி நமக்குச் சொந்தம்போல் இருப்பவற்றுக்கு வருவோம். என் வாதத்தின் பாரம் அங்கேதான் இருக்கிறது.

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, பேருந்தில் எல்லை கடந்து ஜொகூர் பாரு வரும் மாணவர் பலர். வழிநெடுக சிங்கப்பூரின் பலகைகளில் தமிழ் எழுத்து கண்ணில் படும். அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ். கடற்பாலத்தைத் தாண்டியதும் அரசுப் பலகைகளில் அந்த எழுத்து மறைந்துவிடும், எல்லாம் மலாய். உடனே ஒரு முடிவு தானாகத் திரளும்: தமிழ் அக்கரையில் தழைக்கிறது, இக்கரையில் தேய்கிறது. பார்த்த பார்வை சரி. எடுத்த முடிவு தலைகீழ். சிங்கப்பூரில் தமிழ் வழிக் கல்வி தந்த கடைசிப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-ல் மூடப்பட்டுவிட்டது. அங்கே தமிழ் ஒரு பாடம். மலேசியாவில் தமிழ் ஆட்சிமொழி இல்லை. ஆனால் அரசுக் கல்வி அமைப்புக்குள்ளேயே ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் நடக்கின்றன. அவற்றில் எழுபதை ஒட்டிய எண்ணிக்கை ஜொகூரில். முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரை தமிழே பயிற்றுமொழி; கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் திட்டம் சில பள்ளிகளில் உண்டு என்றாலும், பள்ளியின் மூச்சு தமிழ்தான். தமிழ்நாட்டிலேயே ஆங்கில வழிப் பள்ளிக்குப் போய், பின்னத்தையும் ஒளிச்சேர்க்கையையும் ஆங்கிலத்தில் மட்டுமே அறிந்த ஒருவர், அவற்றைத் தமிழில் படித்துவிட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் மேற்கொண்டு படிக்கும் சக மாணவியோடு ஒரே ஆய்வகத்தில் நிற்கிறார் என்பதை அந்தப் பலகை ஒருபோதும் சொல்லாது. இன்னொரு பக்கமும் உண்டு. மலாய்ப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்ததால் தமிழ் சரளமாகப் பேசியும் எழுத்து தெரியாத மலேசியத் தமிழரும் அதே வகுப்பில் இருப்பார். தமிழ் பேசுபவர் என்ற ஒரே சொல்லில் இரண்டு பேரையும் அடைத்துவிட்டால் இருவரையுமே பார்க்கத் தவறிவிடுவோம்.

பேச்சுத் தமிழிலும் இதே வலை. அங்கே ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். 'சாப்பாடு எட்டு வெள்ளி' என்றால் எட்டு ரிங்கிட். கம்போங் என்னும் மலாய்ச் சொல்லால் கிராமம் 'கம்பம்' ஆகியிருக்கிறது. காலை உணவு உண்டாயிற்றா என்பதை 'பசியாறிட்டீங்களா' என்று கேட்பார்கள். இந்தச் சொல் நம் ஊரிலும் தமிழ் முஸ்லிம் வீடுகளில் புழங்குகிறது. இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. 'எங்க பாட்டி பால் வெட்டினவங்க' என்று ஒரு மலேசியத் தோழி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் மாணவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும், வாக்கியம் மட்டும் புரியாது. மாட்டைக் கறப்பார்கள், வெட்டுவது எப்படி? பாட்டி வெட்டியது பால்மரம். ரப்பர் மரத்துக்கு அங்கே தமிழர் வைத்த பெயர் அது. விடிவதற்குமுன், மரத்தின் உள்ளழுத்தம் அதிகமாகி பால் நன்றாக இறங்கும் நேரத்தில், உளி போன்ற கத்தியால் பட்டையைச் சாய்வாக ஒரு மெல்லிய சீவல் சீவ வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இறங்காது. கோட்டின் அடியில் மங்குக் கிண்ணம். நூற்றுக்கணக்கான மரங்களை இப்படி முடித்து, வெயில் ஏறிப் பால் உறைவதற்குள் வாளியில் சேர்த்துத் தூக்கிவர வேண்டும். பிரட்டு என்னும் விடியற்காலை ஆள்கணக்கு, ஆள் சேர்க்கும் கங்காணி, மேற்பார்க்கும் மண்டோர், கணக்கெழுதும் கிராணி, நிர்வாகம் செய்யும் துரை, வரிசை வீடுகளான லயம் என்று தோட்டத்தின் ஒரு முழு உலகமே அந்த இரண்டு சொல்லின் பின்னால் நிற்கிறது. 'பால் வெட்டு' என்பது தமிழ். ஆனால் தமிழ்நாட்டின் வாழ்க்கை அதைப் பிறப்பிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு 'நல்ல தமிழ் பேசுகிறீர்களே' என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோவது பாட்டியின் வாழ்நாளைக் கடந்துபோவதாகும்.

அந்த வாழ்நாளின் கணக்கு கடினமானது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ல் நின்றது. கங்காணி முறை 1938 வரை ஆள் சேர்த்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் ஜொகூரின் காட்டைத் திருத்தி ரப்பர் நட்டார்கள். 1957-ல் நாடு விடுதலை பெற்றபோது பலர் குடியுரிமை பெற்றார்கள். ஆவணங்கள் இல்லாமல் பலர் விடுபட்டுப்போனார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானதும் ஆயிரக்கணக்கானோர், பிறந்த மண்ணை விட்டு, தாம் பார்த்தேயிராத தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 2006-ல் தொடங்கிய இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டத்தில் இன்று கல்வி நகரும் பேரங்காடிகளும் எழுந்து நிற்கும் பகுதியில் பெரும் நிலம் முன்பு தோட்டமாக இருந்தது. பரிமாற்ற மாணவர் குளிரூட்டிய வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தரைக்குக் கீழே இந்தக் கதை இருக்கிறது. ஆகவேதான் உள்ளூர்த் தமிழரிடம் 'நீங்க எந்த ஊரு?' என்று கேட்டால் 'குளுவாங்' என்றோ 'சிகாமட்' என்றோ பதில் வருகிறது. நம் மாணவர் எதிர்பார்ப்பது சேலமோ தஞ்சாவூரோ. 'இல்ல, சொந்த ஊரு?' என்று இரண்டாம் முறை கேட்கும்போது, அன்பாகக் கேட்டாலும், 'இது உன் ஊர் இல்லை' என்று சொல்லிவிடுகிறோம். மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் நின்று, இது எங்கள் ஊர் என்று நிறுவப் போராடி வருபவரிடம் அதைச் சொல்வது சிறிய தவறில்லை.

இந்தத் தவறு தமிழர் விஷயத்தில் மட்டும் நடப்பதும் இல்லை. சீனர் எல்லாரும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு ஜொகூர் பாருவின் பழைய சீனக் கோயிலுக்குள் போனால் அங்கே ஐந்து தெய்வங்கள்: தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டனீஸ், ஹைனானீஸ் என்ற ஐந்து பேச்சுக் குழுக்களுக்கு ஒவ்வொன்று. மிளகும் காம்பீரும் பயிரிட வந்தவர்கள் தங்களுக்குள் பிரிந்து கிடந்து, ஒரே கூரையின் கீழ் ஐந்து பேரையும் அமர்த்திக்கொண்டார்கள். ஜொகூர் லக்சா என்ற மீன் குழம்பு நூடுல்ஸில் கிடப்பது அரிசி நூல் இல்லை, இத்தாலிய ஸ்பகெட்டி; 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போய்வந்த சுல்தான் அபு பக்காரோடு அது வந்தது என்று ஊரார் கதை சொல்வார்கள். பார்த்தவுடன் பெயர் வைத்துவிட முடியாத ஊர் இது.

மாமாக் கடையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய இந்த உணவகங்களுக்கு 'மாமா' என்ற நம் உறவுச் சொல்லே பெயரானது என்பார்கள். இரவு பதினோரு மணிக்கும் மேசைகள் நிறைந்திருக்கும். ஹலால் என்பதால் மலாய்க் குடும்பம் ஒரு மேசையில், சீன இளைஞர்கள் இன்னொன்றில், பக்கத்தில் இந்தியர். மூன்று கூட்டமும் சேர்ந்து உட்கார முடிகிற இடம் ஊரில் வேறு அதிகம் இல்லை. 'அண்ணே' என்று கூப்பிடும் குரல் மலாய்க்காரருடையதாக இருக்கும். 'மச்சா' என்று தோழனைத் தட்டும் கை சீனப் பையனுடையதாக இருக்கும். கடைக்காரர் இரண்டு எவர்சில்வர் குவளைகளுக்கு நடுவே கை நீளத்துக்குத் தேநீரை இழுத்து ஆற்றுகிறார். மேலே நுரை கட்டுகிறது. நம் டீ மாஸ்டர் செய்வது அதேதான். ஆனால் குடித்தால் வேறு: கெட்டியான இனிப்புப் பால் சேர்த்த தே தாரிக். பால் வேண்டாம் என்றால் 'தே ஓ' என்று சொல்ல வேண்டும். சாதா ரொட்டி வேண்டுமென்றால் 'கோசோங்', குழம்பில் மூழ்கடித்துத் தர வேண்டுமென்றால் 'பாஞ்சிர்'. வெள்ளம் என்று பொருள். தட்டில் வருவது ரொட்டி சானாய். 'சானாய் என்றால் சென்னைதானே' என்று நம் மாணவர் மகிழ்வார். அப்படி ஒரு கருத்து உண்டு. மாவைத் தேய்த்து மெலிதாக்குவதைக் குறிக்கும் 'சானாய்' என்ற மலாய் வினைச்சொல்லும் உண்டு. இரண்டில் எது மூலம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. முதலாவது மட்டும் நம் காதில் இனிக்கிறது என்பதற்காக அதை முடிவாக்கிவிடக் கூடாது. கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போனால் அதே ரொட்டிக்கு 'பிராட்டா' என்று பெயர்.

அந்தக் கடையின் மேசையைச் சுற்றி மூன்று தமிழர் இருப்பதை நம் மாணவர் கவனிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஒருவர் சாப்பிட வந்த உள்ளூர்த் தமிழர். அவருடைய நாடு இது. இன்னொருவர் தட்டு எடுத்து வருபவர். ராமநாதபுரத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வேலை அனுமதியில் வந்து, கடைக்கு மேலே அறை எடுத்து, மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புபவர். மூன்றாவது ஆள் மாணவர் தானே. மூவருக்கும் மொழி ஒன்று. ஆனால் ஒருவருக்கு இந்த நாட்டின் அடையாள அட்டை, ஒருவருக்கு முதலாளியின் பெயரோடு கட்டிய வேலை அனுமதி, ஒருவருக்கு விமானச் சீட்டில் திரும்பும் தேதி. 'நம்மூர்' என்ற சொல் இந்த மூவரில் தட்டு எடுத்து வருபவருக்குத்தான் சரியாகப் பொருந்தும். அவரிடம்தான் மாணவர்கள் அதிகம் பேசுவதில்லை. படிக்க வந்தவருக்கும் உழைக்க வந்தவருக்கும் நடுவே ஊரிலேயே விழுந்த கோடு இங்கேயும் கூட வந்துவிடுகிறது என்பது எனக்கு வலிக்கிற செய்தி.

என் வாதத்துக்கு மறுப்பு வரும், வர வேண்டும். வீட்டை விட்டு முதன்முறை வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு தோசையும் ஒரு கோயில் மணியும்தான் ஆறுதல். அதையும் சந்தேகப்படச் சொல்வது கொடுமை அல்லவா? ஆறுதலை நான் பறிக்கவில்லை. தெப்ராவ் பக்கம் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போய்க் கண் கலங்கி நின்றால் அது நல்ல கண்ணீர்தான். ஆனால் 1922-ல் சிறு குடிசைக் கோயிலாக அது ஏன் ரயில் பாதை ஓரத்தில் தொடங்கியது என்று கேட்டுவிட்டால், ரயில் பாதையிலும் தோட்டங்களிலும் உடல் தேய்த்தவர்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவார்கள். கோயிலில் நின்ற நேரத்துக்கு அதனால் பாரம் கூடும், இனிமை குறையாது.

தமிழ் தெரிந்தவர் மற்ற நாட்டு மாணவரைவிட ஆழமாகப் பார்க்க முடியுமே என்று இன்னொரு மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. கெடாய் என்ற பலகையில் கடையையும், கப்பாலில் கப்பலையும், கூயிலில் கோயிலையும், முதலீட்டைக் குறிக்கும் மோடாலில் முதலையும், பெல்பகாயில் பல வகையையும் கண்டுகொள்ளும் இன்பம் ஒரு டச்சு மாணவிக்கோ ஜப்பானிய மாணவனுக்கோ கிடைக்காது. பல நூற்றாண்டு வணிகம் விட்டுச்சென்ற தடம் அது. ஆனால் இந்தச் சாவி வெளிவாசலை மட்டும் திறக்கும். ஜப்பானிய மாணவன் 'பால் வெட்டு' என்றால் என்ன என்று கேட்பான்; அவனுக்குத் தெரியாது. நம் மாணவர் கேட்காமல் இருந்துவிடக்கூடும். சாவி வைத்திருப்பவருக்கு நான் கூடுதலாக ஒரு கடமை வைக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. உலகத் தமிழர் ஒன்று என்று சொல்லிவரும் காலத்தில் வேறுபாட்டைத் தோண்டுவது எதற்கு? முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-ல் கூடியது சென்னையில் இல்லை, கோலாலம்பூரில். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் அங்கே மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்து அதற்கு அடித்தளம் இட்டார். மலேசியத் தமிழர் தமிழ்நாட்டின் நிழலில் நின்று அதைச் செய்யவில்லை. தங்கள் நாட்டில், தங்கள் பல்கலைக்கழகத்தில், தங்கள் தமிழுக்காகச் செய்தார்கள். ஒன்று என்று சொல்வதற்கு முதலில் இரண்டு பேர் வேண்டும். மலேசியத் தமிழரை நம் ஊரின் தொலைந்த கிளை என்று பார்த்தால் அங்கே ஒருவர்தான் மிஞ்சுவார். நாம் படங்களையும் பாடல்களையும் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம்; அவர்களுடைய நாவல்களையும் நாளேடுகளையும் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன தமிழ் நேசன் என்ற நாளிதழ் ஏறத்தாழ நூறாண்டு ஓடியது. அதன் பெயரைக்கூடக் கேட்டிராமல் அங்கே போய் இறங்குகிறோம்.

சமூக ஆய்வு செய்யவா மாணவர் போகிறார், பாடத்தை முடித்து மதிப்புப் புள்ளி வாங்கத்தானே என்று கேட்பவருக்குச் சுருக்கமான பதில்: பாடத்தை ஊரிலேயே முடித்திருக்கலாம். ஒரு விசா, ஒரு கடன், ஒரு தாயின் கவலை எல்லாவற்றையும் செலவழித்து இன்னொரு நாட்டுக்குப் போவது வகுப்பறைக்கு வெளியே இருக்கும் மீதி நேரத்துக்காகத்தான்.

முதல் பார்வையே பொய் என்று நான் சொல்லவில்லை. ஊர்க்காரர் பார்க்க மறந்துவிட்டதைப் புதியவர்தான் பார்ப்பார். நான்கு மணி மோட்டார் சைக்கிள் சத்தம் ஜொகூர்க்காரர் காதில் விழுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. என்ன இருக்கிறது என்பதில் புதியவர் கண் கூர்மையானது. ஏன் இருக்கிறது என்பதில்தான் அவசரப்படுகிறது. முதல் வாரம் எழுதும் குறிப்பில் 'நம்மூர் மாதிரி' என்று வரும் இடங்களையெல்லாம் ஒரு கோடிட்டு வைத்துக்கொண்டு, மீதி பதின்மூன்று வாரமும் அந்தக் கோடிட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டு வந்தால் போதும்.

எங்கே தொடங்குவது என்றால், ஸ்கூடாய் வளாகத்திலிருந்து சில கிலோமீட்டரில் முத்தியாரா ரினி என்ற குடியிருப்பு இருக்கிறது. வரிசை வரிசையாக மாடி வீடுகள், கார் நிறுத்தங்கள், சலவை இயந்திரக் கடைகள். அதற்குள் ஒரு தமிழ்ப்பள்ளி; பெயர் லாடாங் ரினி தமிழ்ப்பள்ளி. லாடாங் என்றால் தோட்டம். ரினி தோட்டம் இப்போது அங்கே இல்லை, வீடுகள்தான். பள்ளி மட்டும் பெயரைக் கைவிடவில்லை. காலை ஏழு மணிக்கு, இன்னும் முழுதாக விடியாத வெளிச்சத்தில், கார்களிலிருந்தும் வேன்களிலிருந்தும் பிள்ளைகள் இறங்கி வாசலுக்குள் போகிறார்கள். பெரும்பாலோர் பால்மரத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். தோட்டத்தின் பெயர் சட்டைச் சின்னத்தில் இருக்கிறது.